பங்களாப் படிக்கட்டுக்குக் கம்பி

ஜப்பான் துரை பங்களாப் படிக்கட்டில் வழுக்கி உட்கார்ந்தபோது, கீழே நின்றிருந்த ஆபீஸ் கிராணி கணேசமூர்த்தியும் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமியும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். சிரித்தால் அறை விழும். ஓடிப்போய்த் தூக்கினால் விழுந்ததைப் பார்த்ததாக ஆகிவிடும். அவர் தானாகவே எழுந்தார். மடக்க வராத இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, படியின் இரண்டு ஓரங்களிலும் சிமெண்டிலிருந்து துருத்திக்கொண்டிருந்த இரும்பு முண்டுகளைப் பார்த்தார். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் அந்த இடத்தில் கறுப்புச் சாயம் பூசிய கைப்பிடிக் கம்பி இருந்தது. போன வருஷம் பழைய இரும்பு சேர்க்க வந்த பட்டாளத்து லாரி அதை அறுத்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அவருடைய பட்டாளம்தான். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"கம்பி வேணும்," என்றார் மலாயில். சண்டைக்கு முன்பே ஜொகூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். கடைத்தெரு மலாய் நன்றாக வரும்.

"மூங்கில் வெட்டிக் கட்டிரலாம், துவான். நாளைக்கே கட்டிரலாம்," என்றான் நல்லசாமி.

"மூங்கில் கோழிக் கூண்டுக்கு. வெள்ளைக்காரன் எதைப் பிடிச்சு எறங்கினான்? இரும்பு. எனக்கும் இரும்பு." பிறகு கணேசமூர்த்தியிடம் திரும்பினார். "படிக்கு இரும்புக் கம்பி வச்ச எடம் இந்தத் தோட்டத்துல வேற எங்க இருக்கு?"

"ஆஸ்பத்திரியில இருக்கு. கோயில்ல இருக்கு."

கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிடுவது சிங்கப்பூர்க் காலேஜில் கணேசமூர்த்தியைப் பிடித்த பழக்கம். சொன்ன பிறகுதான் நல்லசாமி தன்னை முறைப்பதைக் கண்டான்.

"அப்ப எதுன்னு நீயே பாத்து எடு. நீ படிச்சவன். சக்கரவர்த்தி பொறந்த நாளைக்குச் சிரம்பான்லேருந்து அதிகாரிங்க வராங்க. அதுக்கு முன்னாடி நிக்கணும்." துரை இரண்டு படி ஏறி நின்றார். "சயாமுல ரயில் ரோடு போட மறுபடி ஆள் கேட்டிருக்காங்க. கம்பி நிக்கலேன்னா, இந்தத் தோட்டத்து ஆளுங்களுக்கு இங்க வேல இல்லேன்னு சொல்லிருவேன்."

திரும்பி நடக்கும்போது நல்லசாமி முன்னால் வேகமாகப் போனான். மரவள்ளிக் காட்டைத் தாண்டியதும் எச்சிலைத் துப்பிவிட்டு, "கோயில்ல இருக்குன்னு அவன் கேட்டானா?" என்றான்.

"கேட்டாரு, மண்டோர்."

"கேப்பான் லா. கேட்டா சொல்லிர்றதா?"

சயாம் என்ற சொல் கணேசமூர்த்தியை இப்போதெல்லாம் பயமுறுத்துவதில்லை. குடும்பமில்லாத ஆண்பிள்ளைகளை முதலில் அனுப்பினார்கள். போன மழையில் மனைவி வள்ளிநாயகி செத்த நாளிலிருந்து அவனும் குடும்பமில்லாதவன்தான். பிரசவமாகி ஜுரம் கண்டது. மருந்து இல்லை. குழந்தை ஒரு பகல் இருந்தது, பெயர் வைக்கவில்லை. அவள் அதற்கு மேல் கொஞ்சநாள் இருந்தாள். கடைசி நாட்களில் அவனை யாரென்று கேட்டாள். அதன் பிறகு அவன் வேளைக்குச் சாப்பிட்டான், வேளைக்கு ஆபீசுக்குப் போனான். துக்கம் விசாரித்தவர்களிடம் "பரவாயில்ல" என்றான். அது கூலிகள் குடியிருந்த லயத்தில் நல்ல பேச்சாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனான். பலகைக் கட்டடம், தரையிலிருந்து ஆள் உயரத் தூண்கள்மேல் நின்றது. ஏறுவதற்குச் செங்குத்தான படி. இரண்டு பக்கமும் உருண்டைக் குழாய்க் கம்பி. கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அடியில் துரு ஏறியிருந்தாலும் ஆடவில்லை. உள்ளங்கை பட்டுப் பட்டு மேல்பாகம் வழவழவென்று இருந்தது. அப்போது ரப்பர்ப் பால்வெட்டுக்காரன் மணியம் வந்தான். இரண்டு காலும் நீர் கோத்து, விரலால் அமுக்கினால் குழி விழும்படி வீங்கியிருந்தன. கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டான். பிறகு இரண்டு கையாலும் ஒரே பக்கத்துக் கம்பியைப் பற்றி, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோலத் தன்னையே இழுத்து இழுத்து ஏறினான். ஒவ்வொரு படியிலும் நெற்றியைக் கம்பியில் சாய்த்து மூச்சு வாங்கினான். மேலே ஏறியதும் திரும்பிப் பார்த்து, கிராணியைக் கண்டு, கும்பிடுவதற்காகக் கம்பியை விட்டான். விழப் போனான். மறுபடி பிடித்துக்கொண்டான்.

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று கணேசமூர்த்தி நினைத்தான். ஒரு படியில் மனுஷன் ஏறுகிறான். இன்னொரு படியில் வேண்டுதல் ஏறுகிறது. கணக்கு இலேசாக இருந்தது. அவ்வளவு இலேசாக இருந்ததுதான் பிறகு அவனை உறுத்தியது.

மாரியம்மன் கோயில் லிங்கி ஆற்றைப் பார்த்த சிறு மேட்டில் இருந்தது. அதன் படிக்கட்டுக் கம்பி ஆஸ்பத்திரிக் கம்பியைவிட எல்லா வகையிலும் நல்ல சாமான். லயத்து ஜனம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து, சிரம்பான் லோபாக்கில் ஒரு சீனப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கியது. சதுரக் கம்பிகள், ஒவ்வொன்றின் தலையிலும் வேல் முனை. ஆனால் இரும்பு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மேலிருந்து கீழ்வரை துணி முடிச்சுகள். பிள்ளை வரம் கேட்டவள், காய்ச்சல் தணியக் கேட்டவள், எல்லோரும் சேலைத் தலைப்பில் ஒரு நாடா கிழித்து மஞ்சளில் நனைத்துக் கட்டிவிட்டுப் போவார்கள். கேட்டது நடந்தால் கட்டியவளே வந்து அவிழ்த்து, பொங்கல் வைப்பாள். நடக்காவிட்டால் அது அங்கேயே கிடந்து மட்கும். அடுத்தவர் முடிச்சில் யாரும் கை வைக்க மாட்டார்கள். குழந்தைகள்கூட அந்தக் கம்பியில் தொங்கி விளையாடியதில்லை. லயத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோன பிறகு முடிச்சுகள் இரண்டு மடங்காயின. அந்த முடிச்சுகளில் ஒன்றுகூட இதுவரை அவிழவில்லை.

அன்று ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில் அவன் விஷயத்தைச் சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான். கோயில் கம்பி பங்களாவுக்குப் போகிறது. முடிச்சு உள்ளவர்கள் நாளைக்குள் வந்து அவிழ்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "ஆத்தா கம்பியப் புடிச்சிக்கிட்டு எறங்குனா மட்டும் அந்த நொண்டிக் காலு நேராயிருமா?" என்றது. சிலர் சிரித்தார்கள். நல்லசாமி, "எவ அவ?" என்று கத்தினான். எவளும் இல்லை.

தாயம்மா முன்னால் வந்தாள். அவளுடைய ஒரே மகன் அர்ச்சுனன் சயாமுக்குப் போனவர்களில் ஒருவன். வள்ளிநாயகியைக் கடைசியாகக் குளிப்பாட்டி, தலைவாரி, பொட்டு வைத்தவளும் அவள்தான். கணேசமூர்த்தி அவளிடம் மட்டும் நீங்க என்று பேசுவான்.

"கிராணி ஐயா, ஆஸ்பத்திரிக் கம்பிய எடுங்க."

"அங்க நோயாளிங்க ஏறணும், தாயம்மா. மணியத்தப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அந்தப் படியில ஏறுனவங்க எறங்கி வந்தத நீங்க பாத்திருக்கீங்களா? அங்க மருந்தா குடுக்கறான்? வெறும் படுக்கைக்கு ஏறிப் போறதுக்கு எதுக்குய்யா கம்பி?"

வள்ளிநாயகி ஏறியதும் அந்தப் படிதான்.

"அவுக்க முடியாது, ஐயா," என்றாள் தாயம்மா, குரலைத் தாழ்த்தி. "என் கையால நான் அவுத்தேன்னா, எம்புள்ள வந்துட்டான்னு அர்த்தம். இல்லாட்டி வரவேணாம்னு அர்த்தம். ரெண்டுல எதச் சொல்லச் சொல்றீங்க?"

மறுநாள் சாயங்காலம் வரை ஒருத்தியும் வரவில்லை. கம்பியைப் பெயர்க்க பாக்டரியிலிருந்து பிட்டர் வீரமுத்து ரம்பமும் உளியும் கொண்டு வந்திருந்தான். முடிச்சுகளைப் பார்த்துவிட்டு ரம்பத்தைத் தரையில் வைத்தான். "இரும்ப அறுக்கச் சொல்லுங்க, அறுக்கறேன். ஆத்தா கேட்டா கிராணிதான் சொன்னாருன்னு சொல்லிருவேன். துணிய நான் தொட மாட்டேன் லா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு." நல்லசாமி அதற்கு முன்பே வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு லயத்துக்குப் போயிருந்தான். புள்ளகுட்டி இல்லாதவன் அங்கே ஒருவன்தான் நின்றான்.

கணேசமூர்த்தி பால்வெட்டுக் கத்தியைக் கேட்டு வாங்கினான். கீழ்ப்படியிலிருந்து தொடங்கினான். மழையிலும் வெயிலிலும் கிடந்த துணி கத்தி பட்டதும் பொடிந்தது. புதிய முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. அவற்றை அறுக்க நேரம் பிடித்தது. பெண்கள் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். யாரும் சாபமிடவில்லை. அழவுமில்லை. ஒரு முடிச்சை அறுக்கும்போது யாராவது ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வது கேட்கும். அதை வைத்து இது அவளுடையது என்று தெரிந்துகொண்டான். பாதிப் படியில் நீலப் பின்னணியில் வெள்ளை மாங்காய் போட்ட கரைத்துணி ஒன்று வந்தது. அந்தச் சேலையைச் சண்டைக்கு முந்தின தீபாவளிக்கு அவன்தான் வாங்கிக் கொடுத்தான். வள்ளிநாயகி இங்கே வந்து கட்டியிருந்தது அவனுக்குத் தெரியாது. அவன் சிரிப்பான் என்று சொல்லாமல் இருந்திருப்பாள். அவனுக்குப் பின்னால் யாரும் மூச்சை இழுக்கவில்லை. அறுத்தான். அடுத்ததற்குப் போனான். ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும் தாயம்மா வந்து படியில் உதிர்ந்து கிடந்த துண்டுகளைக் கிளறி, தன்னுடையதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அறுத்தது நீங்கதானே? நானில்லையே?"

"நான்தான்."

"ஆத்தாவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா," என்றாள். அது அவனைக் குற்றம் சாட்டியதாகத் தெரியவில்லை. தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது போலிருந்தது. பிறகு, "கம்பி எங்க போனாலும் அது ஆத்தா கம்பிதான், இல்லையா ஐயா?" என்று கேட்டாள். அவன் யோசிக்காமல் "ஆமா" என்றான்.

வீரமுத்து நல்ல வேலைக்காரன். பழைய முண்டுகளைக் கொத்தி எடுத்து, கம்பியை இறக்கி, சிமெண்டு கிடைக்காததால் சுண்ணாம்பும் ஆற்றுமணலும் குழைத்துப் பூசினான். கறுப்புச் சாயம் பூசியதும் வேல் முனைகள் பங்களாவுக்கென்றே அடித்ததுபோல் நின்றன. துரை மேலிருந்து கீழே இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். "நல்லாத் தேர்ந்தெடுத்திருக்க," என்று கணேசமூர்த்தியின் தோளைத் தட்டினார். சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவனை யாரும் பாராட்டியதில்லை.

சாயம் காய்ந்த அன்று காலை அவன் பங்களாவுக்குப் போனபோது தாயம்மா படிக்கட்டின் கீழ்க்கோடியில் குனிந்து நின்றிருந்தாள். காட்டு வேலைக்குப் போகிற வழியில் திரும்பி ஏறி வந்திருக்கிறாள். கையில் அன்று படியில் பொறுக்கிய துணி நாடா. அவன் கூப்பிடுவதற்குள் முடிச்சை இறுக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேலே கதவு திறந்தது. துரை வெளியே வந்து நின்றார்.

"அது என்ன?"

சாயம் பூசிய கம்பியில் ஒரு கூலிப் பெண்பிள்ளை கந்தையைக் கட்டியிருக்கிறாள். கீழே ஒரு பட்டாளத்துக்காரன் துப்பாக்கியோடு நிற்கிறான். கணேசமூர்த்தி தாயம்மாவைப் பார்த்தான். அவள் நகராமல், தலையை மட்டும் குனிந்துகொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால், ஜப்பான்காரன் கொண்டுபோன பிள்ளை திரும்பி வரக் கட்டியது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன், கேட்ட கேள்விக்கு முதல்முறையாகச் சரியான பதிலைச் சொல்லாமல் விட்டான்.

"மரியாதை, துவான். எங்க ஜனங்க வழக்கம். பெரியவங்க வீட்டுப் படியில துணி கட்டி, நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறது."

"எனக்கா?"

"உங்களுக்கு. சக்கரவர்த்திக்கும்."

துரை மெல்ல இறங்கி வந்தார். அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. "இவ ஒருத்திதானா?" என்று கேட்டார். "மத்தவங்க?"

அன்று சாயங்காலம் பெரட்டில் உத்தரவு சொல்லப்பட்டது. சக்கரவர்த்தி பிறந்த நாளன்று, கிழக்கே பார்த்துக் கும்பிட்ட பிறகு, தோட்டத்து ஜனம் எல்லோரும் வரிசையில் வந்து பங்களாப் படியில் ஆளுக்கொரு துணி கட்ட வேண்டும். கட்டாதவர்களின் பெயர் சயாமுக்குப் போகும்.

துணி எங்கே இருந்தது? ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கடையில் ஒரு முழம் கிடையாது. சிலர் சாக்கை வெட்டி இடுப்பில் கட்டியிருந்தார்கள். ஒரே சேலையை வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் மாறி மாறி வெளியே வருகிற வீடுகள் இருந்தன. "வாழநார் கட்டுனா ஆகாதா மண்டோர்?" என்று கேட்டார்கள். ஆகாது என்றான் நல்லசாமி, துணி என்றால் துணி. "அப்ப என் கோவணத்துல பாதி தரேன். சக்கரவர்த்தி கண்ணுல ஒத்திக்கட்டும்," என்றான் வீரமுத்து. நல்லசாமியே திரும்பிக்கொண்டு சிரித்தான்.

சாக்கு கட்டியவர்களுக்குத் துணி வைத்திருந்தவர்கள் கிழித்துக் கொடுத்தார்கள். அந்த நாளில் கொடியும் சலாமும் ஆனபிறகு, சிரம்பான் அதிகாரிகள் பங்களா முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, ஜனம் படியோரம் ஏறி ஏறிக் கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து மணியத்தையும் தூக்கி வந்து ஒரு நாடாவைக் கையில் கொடுத்தார்கள். கீழ்ப்பக்கம் சீக்கிரமே நிறைந்துவிட்டது. "எடம் விட்டுக் கட்டுங்க! தள்ளுங்க அத!" என்று கத்திக்கொண்டே நல்லசாமி கட்டிய முடிச்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கம்பியில் மேலே தள்ளிவிட்டு, பின்னால் வந்தவர்களுக்கு இடம் செய்தான். துரை ஒரு அதிகாரியிடம் படியைக் காட்டி நீளமாக என்னவோ சொன்னார். அந்த அதிகாரி எழுந்து நின்று பார்த்தார். கணேசமூர்த்தியும் தன் வேட்டி ஓரத்தில் ஒரு நாடா கிழித்துக் கட்டினான். எதற்கு என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

கார்கள் போனபின் மழை பிடித்துக்கொண்டது. ஜனம் லயத்துக்கு ஓடியது. அவன் குடையை விரித்துக்கொண்டு இறங்கும்போது தாயம்மா மட்டும் கீழ்ப்படியில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தான். கம்பியிலிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"என்னுது, ஐயா. இந்த மூணாம் படிகிட்ட கட்டுனேன். தள்ளிட்டான்."

அவன் குனிந்தான். சவுக்காரம் இல்லாமல் சாம்பல் தண்ணீரில் அவித்து அவித்து லயத்துத் துணி எல்லாமே ஒரே நிறத்துக்கு வந்திருந்தது. மஞ்சள் யாரிடமும் இல்லை. மழை அந்தக் கொஞ்ச வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது.

"இதுல ஏதோ ஒண்ணு உங்களுதுதான், தாயம்மா."

"அது எனக்குத் தெரியும். ஆத்தாவுக்குத் தெரியணுமே." தாயம்மா ஒரு முடிச்சை விட்டு இன்னொன்றைப் பிடித்தாள். "இதுங்கல்லாம் அவளுக்குக் கட்டுனது இல்லியே. யாருக்குக் கட்டுனதுன்னு நீங்கதான சொன்னீங்க? இதுக்குள்ள என்னுத எப்படிக் கண்டுபுடிப்பா?"

"வேற ஒண்ணு கட்டிருங்க. துணி நான் தரேன்."

"ஒருக்கா அறுந்துச்சு, கட்டினேன். மறுபடி மறுபடி கட்டுனா நான் நம்பலேன்னு ஆயிரும்." அவள் அவனைப் பார்க்கவில்லை. "நீங்க படிச்சவங்க. கண்ணு நல்லாத் தெரியும். பாருங்க ஐயா. ஓரத்துல சின்னதாத் தையல் இருக்கும். எம்புள்ள சட்டையில கிழிச்சது, நான் போட்ட தையல்."

கணேசமூர்த்தி குடையை மடக்கிக் கீழே வைத்தான். அவளுக்கு எதிரே, அதே கம்பியின் மறுபுறம் உட்கார்ந்து, ஈரத் துணிகளை விரலால் தடவிப் பார்க்கத் தொடங்கினான். இது இல்லை. இதுவும் இல்லை. மேலே கதவு திறந்தது. மழை விட்டுக்கொண்டிருந்ததால் துரை வெளியே உலாவக் கிளம்பியிருந்தார். இருவரும் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். படி நனைந்து பாசி மின்னியது. அவர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அவருடைய கை முடிச்சுகளின்மேல் படிந்து, பிழிந்து, வழுக்கி, அடுத்ததைப் பிடித்தது. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. தாயம்மா தலையைக் குனியவில்லை. அந்தக் கை எதன்மேல் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.